முதலில் கரை, அப்புறம் ஆறு

மூன்று வாரமாக என் மேஜையில் ஒரு வரைபடம் விரிந்து கிடக்கிறது. அதன் மேல் ஒரு வெள்ளை நூல். ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் நூலைப் படியவைத்து, நகராமல் இருக்க அங்கங்கே செலோடேப் துண்டு ஒட்டியிருக்கிறேன். நாலு நாள் கயாக் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) பயணம். மூன்று பேர், மூன்று படகு, மூன்று இரவு ஆற்றங்கரையில் கூடாரம். நான், பல வருடமாக என்னோடு துடுப்புப் போடும் நண்பர் ஒருவர், முதல் தடவையாக என் அக்கா மகன்.

போன வாரம் அவன் வந்து பார்த்துவிட்டு, "போன்லயே தூரம் அளக்கலாமே மாமா, நூல் எதுக்கு?" என்று கேட்டான். அளக்கலாம். நானும் கடைசியில் போனில் ஒரு தடவை சரிபார்ப்பேன். ஆனால் நூலை வைக்கும்போது ஒவ்வொரு வளைவையும் விரலால் தொட்டாக வேண்டும். மூன்று வாரம் தொட்டதில், கண்ணை மூடினாலும் இந்த ஆறு எங்கே இடது பக்கம் திரும்புகிறது, எங்கே பிரிந்து சேருகிறது என்று தெரிகிறது. அதற்காகத்தான் நூல்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து வருடத்துக்கு முன்னால் என் முதல் பல நாள் பயணத்துக்கு ஸ்கேல் வைத்துத்தான் அளந்தேன். பெரிய வளைவுகளில் மட்டும் ஸ்கேலைத் திருப்பி, 60 கி.மீ. என்று எழுதிக்கொண்டேன். மூன்று நாள், நாளுக்கு 20. சின்னச் சின்ன வளைவுகள் எல்லாம் சேர்ந்து உண்மைத் தூரம் 90-ஐத் தொட்டது. ஓர் ஆற்றை வளைந்தோடும் ஆறு என்று வகைப்படுத்தவே, அதன் நீளம் நேர்த் தூரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்தப் பயணத்தில் முதல் நாளே இருட்டிவிட்டது. தங்குவதற்குக் குறித்த இடம் இன்னும் வெகு தூரம். கண்ணில் பட்ட மணல்திட்டில் ஏறிக் கூடாரம் அடித்தோம். தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளித்தான் அடித்தோம், ஆனால் உயரம் என்று பார்த்தால் முழங்கால் அளவுகூட இல்லை. களைப்பில் அதை யாரும் பார்க்கவில்லை. இரவு இரண்டு மணி இருக்கும், டொக், டொக் என்று ஒரு சத்தம். படகின் அடிப்பக்கம் கல்லில் இடிக்கிற சத்தம். டார்ச் அடித்தால், மணலில் இழுத்துப் போட்டிருந்த படகு மிதந்துகொண்டிருக்கிறது. கட்டிய கயிறு விறைத்து நிற்கிறது. கூடார வாசலில் கழற்றி வைத்த செருப்புகளில் ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லை, வானம் முழுக்க நட்சத்திரம். மேலே எங்கோ முந்தின நாள் பெய்த மழை அந்த நேரத்துக்கு எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இருட்டில் கூடாரத்தை அப்படியே சுருட்டித் தூக்கிக்கொண்டு புதருக்குள் ஏறினோம். விடிந்து பார்த்தபோது மணல்திட்டு இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் திட்டம் போடும் வரிசையே மாறிவிட்டது. நாளுக்கு எத்தனை கி.மீ. என்று இப்போது தொடங்குவதில்லை. எங்கே தூங்கலாம், எங்கே படகை ஏற்றலாம், பாதியில் நிறுத்த வேண்டியிருந்தால் எங்கே வெளியேறலாம். இந்த மூன்றையும் வரைபடத்தில் குறித்த பிறகுதான் தூரத்தைத் தொடுகிறேன்.

கரையைத் தேடுவதற்கு ஓர் எளிய பாடம் போதும். வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக ஓடும், கரையை அரிக்கும், மரங்களைச் சாய்க்கும். உள்பக்கம் வேகம் குறைந்து, சுமந்து வந்த மணலையும் கூழாங்கல்லையும் இறக்கிவைக்கும். ஆகவே படகை ஏற்றச் சரிவான கரை வேண்டுமென்றால் உள்வளைவில் தேட வேண்டும். ஆனால் அங்கே கிடைக்கும் மணல்திட்டு எல்லாமே படுக்கத் தகுந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களையும் பார்க்க முடியும். ஒரே திட்டை வறண்ட மாதத்திலும் தண்ணீர் நிறைந்த மாதத்திலும் பார்த்தால், எது நிற்கிறது எது முழுகுகிறது என்று தெரிந்துவிடும். நேரில் போனால் இன்னும் நம்பகமான அடையாளங்கள் இருக்கின்றன. ஒரு திட்டில் சில வருடம் வளர்ந்த புதர்ச்செடி நிற்கிறதா? அப்படியானால் அதை அடித்துப் போகும் வெள்ளம் அங்கே அடிக்கடி வருவதில்லை. மரக்கிளைகளில் செத்தையும் கிழிந்த பிளாஸ்டிக்கும் தொங்குகிறதா? அந்த உயரம் வரை தண்ணீர் வந்திருக்கிறது என்று ஆறே எழுதிவைத்திருக்கிறது. ஓடை வந்து சேரும் வாயில், அது காய்ந்து கிடந்தாலும், நான் கூடாரம் அடிப்பதில்லை.

சரி, இனி எங்கள் கணக்கு. நூலின்படி 68 கி.மீ. நேர்க்கோட்டில் 41. முதல் நாள் 14, இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் 22, கடைசி நாள் 12. முதல் நாளைக் குறைத்து வைத்ததற்குக் காரணம், படகுகளில் சாமான் ஏற்றி முடிக்கவே பாதிக் காலை போய்விடும். அதற்கு முன்னால் ஒரு காரை முடிக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வர வேண்டும். (அந்தக் காரின் சாவியைப் புறப்படும் இடத்தில் நிற்கும் காரிலேயே வைத்துவிட்டு வருவது நிறையப் பேருக்கு நடக்கிறது. நான் என் லைஃப் ஜாக்கெட் பையில், ஜிப்புக்குள் வைக்கிறேன்.)

சாமான் ஏற்றிய படகில், தேங்கிய தண்ணீரில், நிதானமாகத் துடுப்புப் போட்டால் மணிக்கு 5 கி.மீ. போகலாம். நீரோட்டம் கொஞ்சம் கூட்டிக்கொடுக்கும், ஓய்வும் புகைப்படமும் குறைத்துவிடும். நான் 4 என்றே வைக்கிறேன். அதற்கு மேல் எதிர்காற்று ஒன்று இருக்கிறது, அதை என்னால் ஒருநாளும் குறைத்து மதிப்பிட முடியாது. பள்ளத்தாக்கில் வெயில் ஏற ஏறச் சூடான காற்று மேல்நோக்கி நகரும். பகலில் காற்று பெரும்பாலும் ஆறு வரும் திசையை நோக்கி, அதாவது நம் முகத்துக்கு நேராக, வீசும். காலையில் கண்ணாடிபோல் இருந்த அதே தண்ணீரில் பிற்பகல் மூன்று மணிக்குத் துடுப்பை நிறுத்தினால் படகு பின்னால் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் நாள் தவிர, ஆறரைக்குத் தண்ணீரில் இறங்கி, ஒன்றரை மணிக்குள் கரையேறிவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. கரையேறிய பிறகு மீதமிருக்கும் பகல்தான் இடம் பார்க்கவும், பிடிக்கவில்லையென்றால் அடுத்த வளைவுக்குப் போகவும் கிடைக்கும் அவகாசம்.

29-ஆவது கி.மீ.யில் ஒரு தடுப்பணை. வரைபடத்தில் அதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, அதற்கு அரை கி.மீ. முன்னாலேயே இடது கரையில் இன்னொரு வட்டம் போட்டிருக்கிறேன். நாங்கள் இறங்க வேண்டிய இடம் அந்த இரண்டாவது வட்டம். (ஆற்றில் இடது, வலது என்றால் எப்போதும் தண்ணீர் போகும் திசையைப் பார்த்து நின்றுதான்.) சின்னத் தடுப்பணைதானே, தாண்டிக் குதித்துவிடலாம் என்று தோன்றும். படகிலிருந்து பார்த்தால் அணையே தெரியாது. தண்ணீர் ஒரு நேர்க்கோட்டில் முடிந்துபோனது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். விழும் தண்ணீர் அடியில் போய், திரும்பச் சுருண்டு அணையை நோக்கியே வரும். அதில் மாட்டிய படகையும் ஆளையும் வெளியே விடாமல் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். பாறை விளிம்பில் இருக்கும் இடைவெளிகள் சுவரில் இருக்காது, ஆகவே தப்பிக்க வழியும் இருக்காது. இறங்கி, சாமானைக் காலிசெய்து, படகுகளைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். இரண்டாம் நாளின் 20 கி.மீ.யில் அந்த ஒரு மணி நேரமும் அடக்கம்.

45-ல் தண்ணீர் நுரைத்து இறங்கும் ஒரு பகுதி வருகிறது, இப்படிப்பட்ட இடங்களின் கடினத்தைச் சொல்ல உலகம் முழுக்கப் பயன்படுத்தும் 6 படி அளவுகோலில் இரண்டாம் படி. அக்கா மகன் மாதிரி புதிதாக வருகிறவனுக்குப் பகல் நேரப் பயிற்சியில் அது சரியான படிதான். ஆனால் அந்த அளவுகோலோடு ஒரு குறிப்பும் உண்டு: தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்திருந்தாலோ, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நீண்ட பயணம் என்றாலோ, ஒரு படி கூட்டியே கணக்கிட வேண்டும். எங்களுடையது இரண்டாவது வகை. மூன்றாம் படி என்று நினைத்துக்கொண்டு, கரையேறி நடந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவோம். அவனுக்கு வேண்டாமென்று பட்டால் கரைவழியே வரலாம், படகை நாங்கள் கயிற்றில் விட்டு இறக்குவோம்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரு நீர்வரத்துக்குத்தான் பொருந்தும். தண்ணீர் கூடினால் அது வேறு ஆறு. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் நம் மேல் அது செலுத்தும் விசை நாலு மடங்காகும். இரண்டு மாதமாகத் தினமும் காலையில் நீரளவு நிலையத்தின் எண்ணை நோட்டில் எழுதிவருகிறேன். இந்த ஆற்றில் விநாடிக்கு 40 கனமீட்டருக்குக் கீழே போனால் கல்லில் தட்டித் தட்டி இழுக்க வேண்டிவரும், 90-க்கு மேல் போனால் நான் பார்த்துவைத்த திட்டுகளில் பாதி இருக்காது. (1 கனமீட்டர் என்றால் 35 கன அடிக்குச் சற்று மேல்.) எண்ணைவிட முக்கியம் அது எந்தப் பக்கம் போகிறது என்பது. 70-ல் இருந்து இறங்கும் ஆற்றில் நிம்மதியாகப் போவேன். 60-ல் இருந்து ஏறும் ஆறு என்றால், மேலே மழை நின்றதா என்று தெரியாமல் படகை ஏற்றவே மாட்டேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்.

சாமான் விஷயத்தில் எல்லோரும் நீளமான பட்டியல் போடுவார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய டிரை பேக்கைவிட (தண்ணீர் புகாத பை) ஐந்து சின்னது நல்லது, படகின் முனைகளில் பெரிய பை நுழையாது. கனமானவை அடியில், இருக்கைக்கு அருகில். இடமும் வலமும் சமமாக. முன்பக்கம் கனத்தால் படகு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும், ஆகவே பின்பக்கம் ஒரு பொட்டு கூடுதலாக இருக்கட்டும். ஹேட்ச் மூடி (படகின் சாமான் அறை மூடி) தண்ணீர் விடாது என்று நம்ப வேண்டாம், தூங்கும் பையையும் மாற்றுத் துணியையும் இரண்டு உறைக்குள் வைக்கவும். பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நான் ஆற்றில் இறக்குவதையும் அளந்துதான் இறக்குகிறேன். ஒவ்வொரு பையையும் தராசில் வைத்து, எடையை அதன் மேலேயே எழுதியிருக்கிறேன்.

அந்தத் தராசு எனக்குக் காட்டிய பெரிய உண்மை குடிதண்ணீர். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்றால் மூன்று பேருக்கு நாலு நாளில் 48 லிட்டர், அதாவது 48 கிலோ. அவ்வளவையும் சுமக்க முடியாது. ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறோம். கலங்கலாக இருந்தால் வாளியில் பிடித்து ஓர் இரவு தெளியவிட்டு, மேலாக மொண்டு வடிகட்டுவோம். 0.1 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைப் பிடிக்கும், வைரஸை விட்டுவிடும், ஆகவே வடிகட்டியதைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட வேண்டும் (2,000 மீட்டருக்கு மேலே இருந்தால் மூன்று நிமிடம்). ஆனால் வயலிலிருந்தோ ஆலையிலிருந்தோ ரசாயனம் கலந்திருந்தால் வடிகட்டினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. அணைக்குக் கீழே அப்படி ஒரு சந்தேகமான பகுதி இருப்பதால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் 12 லிட்டர் சுமக்கிறோம்.

கழிப்புக்குத் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் வழியாகக் கொலராடோ ஆற்றில் போகிறவர்கள் மலம் முழுவதையும் பெட்டியில் அடைத்துத் தங்களோடே வெளியே கொண்டுவர வேண்டும் என்பது விதி. குறுகலான கரையில் பலர் தங்கும் இடத்தில் அதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. எங்கள் இரண்டாவது முகாமில் 60 மீட்டர் தள்ளிப் போக இடமில்லை, ஆகவே நாங்களும் மூடியுள்ள வாளி ஒன்று எடுத்துப் போகிறோம்.

அக்கா மகனுக்கான பயிற்சி பற்றி எழுதாமல் விட முடியாது. நாலு வார இறுதிகளாகத் தேங்கிய தண்ணீரில் அவனைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் உறை) முன்பக்க வாரை இழுத்து, முன்னால் குனிந்து, படகைக் காலிலிருந்து கழற்றி வெளியே வர வேண்டும். முதல் நாள் மூச்சுத் திணறிப் பயந்துபோனான். இப்போது தலைகீழாக இருந்துகொண்டே படகின் அடியை மூன்று தடவை தட்டிவிட்டு வெளியே வருகிறான். அப்புறம் நீந்தும் விதம். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது, கல்லிடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் ஆளை முன்னால் அழுத்தி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஆறு போகும் பக்கம் நீட்டி, மேலாக மிதக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் இது தலைகீழாக மாறும். விழுந்த மரம் குறுக்கே கிடந்து, தப்ப முடியாது என்றால், குப்புறத் திரும்பி, தலை முன்னால் போக வேகமாக நீந்தி, அதன் மேல் ஏறிவிட வேண்டும். கால் முன்னால் போனால் கிளைகளுக்கு அடியில் இழுத்துவிடும். இதை அவன் யோசிக்காமல் செய்கிற வரைக்கும் பயணத் தேதியை உறுதிசெய்யவில்லை.

விசில், கத்தி, லைட்டர், அவசரச் செய்தி அனுப்பும் கருவி, இவை எல்லாம் லைஃப் ஜாக்கெட்டின் பையில். படகு கையைவிட்டுப் போனால் உடம்பில் இருப்பது மட்டும்தான் மிச்சம்.

பயணத் தாளை அக்காவிடம் கொடுக்கப் போனேன். ஒரு பக்கத் தாள்தான். படகுகளின் நிறம், எங்கே இறங்குகிறோம், ஒவ்வொரு இரவும் எந்தக் கி.மீ., எந்தக் கரை, வெளியேறும் வழிகள், எந்தக் கார் எங்கே நிற்கும். கடைசி வரியில், நாலாம் நாள் சாயங்காலத்துக்குள் போன் செய்வோம் என்று எழுதியிருந்தேன். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். படித்துவிட்டு அந்த ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சாயங்காலம்னா எத்தனை மணிடா? ஆறு மணிக்கு நான் பயப்படணுமா, எட்டு மணிக்குப் பயப்படணுமா?"

"கொஞ்சம் முன்னப் பின்ன ஆகலாம் அக்கா. மதியமே முடிச்சிருவோம்."

"அதைக் கேக்கல. எத்தனை மணிக்கு நான் போனை எடுத்து ஆளைக் கூப்பிடணும்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஆற்றில் இருக்கும்போது ஒருத்தி வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவளிடம் "சாயங்காலம்" என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். இரவு 8 மணி என்று அடித்து எழுதினேன். அதற்கு முன்னால் கூப்பிட வேண்டாம், அதற்குப் பின்னால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். கீழே மீட்புப் பணியாளர்களின் எண், அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்கள். அக்கா அதைப் பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். மகனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முகாமில் நான் விடாமல் செய்யும் ஒன்று குச்சி. கரையேறியதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, விரல் அகலத்துக்கு ஒன்றாகக் கத்தியால் வெட்டுக் குறி போடுவேன். சாப்பிடும்போது ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, நடு இரவில் எழுந்தால் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு குறி ஏறினால் அப்போதே எல்லோரையும் எழுப்பி மேலே நகர்வோம். படகுகள் கூடாரத்துக்கும் மேலே, மரத்தில் இரண்டு முனையும் கட்டி.

இனி மீதம் இருப்பது மூன்றாம் இரவு. 47-லிருந்து 55 வரை இரண்டு பக்கமும் செங்குத்தான கரை, ஏற இடமில்லை. 56-ல் வலது பக்க உள்வளைவில் வெளிறிய ஒரு பொட்டு செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறது. மணலா, மேலேறி நிற்கும் கூழாங்கல் மேடா என்று அதில் பிடிபடவில்லை. அது சரிவராது என்றால் மூன்றாம் நாள் 46-லேயே நிறுத்தி, கடைசி நாளை 22 ஆக்க வேண்டும்.  நண்பர் 46 என்கிறார், அக்கா மகன் 56 என்கிறான். நூலில் இரண்டு இடத்திலும் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் அந்த வளைவுக்குக் கரைவழியே நடந்துபோய், புதர் இருக்கிறதா, கிளையில் செத்தை எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு வரப் போகிறோம்.